கனத்த லேப்டாப், ஒல்லி சார்ஜர்: டர்பன், மொரீஷியஸ், சென்னை மூன்றுக்கும் ஒரே ஏற்பாடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேமிங் லேப்டாப்போ எடிட்டிங் லேப்டாப்போ தூக்கிக்கொண்டு நாடு விட்டு நாடு போகிறவர்கள் ஏர்போர்ட் கடையில் தொங்கும் அந்த 'யூனிவர்சல்' அடாப்டர் டப்பாவைத் தொடவே வேண்டாம். காசு தண்டம் என்பது ஒரு பக்கம், தென்னாப்பிரிக்காவின் பெரிய சாக்கெட்டில் அது பெரும்பாலும் நுழையவே நுழையாது, நுழைகிற மாடலாக இருந்தாலும் உங்கள் பையில் ஒரு கிராம்கூடக் குறையப்போவதில்லை. நான் இப்போது கொண்டு போவது ஒரு 140 வாட் டைப்-சி சார்ஜர், அதன் பின்னால் கழற்றி மாட்டும் பவர் வயர், நாட்டுக்கு ஒரு வயர். அவ்வளவுதான். இந்த ஏற்பாட்டில் குறைகளும் இருக்கின்றன, அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

எனக்கு வேலை கல்யாண வீடியோ, கோயில் வீடியோ. இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பனில். ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) லெனேசியாவில் ஒரு கல்யாணம் என்றால் உள்நாட்டு விமானம், தைப்பூசக் காவடிக்கு மொரீஷியஸ், சொந்த ஊர்ப் பக்கம் போனால் துபாய் வழியாகச் சென்னை. லேப்டாப் 16 இஞ்ச், தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ளது, கூடவே வந்த சார்ஜர் 230 வாட். அதை இரண்டு பக்க வயரோடு சமையலறைத் தராசில் வைத்தால் ஒரு கிலோவை ஒட்டி நிற்கிறது, பார்க்கவும் செங்கல் மாதிரிதான் இருக்கும். ஃபிளைசஃபேர் விமானத்தில் கைப்பைக்கு 7 கிலோ. கேமரா, லென்ஸ்கள், லேப்டாப் எல்லாம் ஏறிய பிறகு அந்தச் செங்கலுக்கு இடம் ஏது? கேமராவைச் செக்-இன் பெட்டியில் போட யாருக்கும் மனசு வராது, சார்ஜரைப் போட்டால் பெட்டி வந்து சேராத அன்றைக்கு வேலையே நின்றுவிடும்.

பிளக் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் ஊரிலிருந்து இங்கே வருகிறவர்கள் முதல் நாளே முழிப்பது இதில்தான். நம் ஊரில் ஏசிக்கும் கீசருக்கும் மாட்டுகிற 15 ஆம்ப் பெரிய பிளக் இருக்கிறதல்லவா, தடித்த உருண்டை முள் மூன்று, தென்னாப்பிரிக்காவில் மேஜை விளக்குக்கும் செல்போன் சார்ஜருக்கும்கூட அதே சாக்கெட்தான். இரண்டுமே பழைய பிரிட்டிஷ் தரத்தில் இருந்து வந்தவை, எம் வகை என்று சொல்வார்கள். நம் ஊரின் சின்ன மூன்று முள் பிளக், டி வகை, இதில் ஒட்டவே ஒட்டாது, முள் மெலிசு என்பது மட்டுமல்ல, இரண்டு முள்ளுக்கு நடுவில் இங்கே 25.4 மில்லிமீட்டர், அங்கே 19. இப்போது இங்கே 'என்' (N) வகை என்று ஒரு சின்ன மூன்று முள் சாக்கெட்டும் வந்துவிட்டது, 2018 முதல் புதிதாக வயரிங் செய்கிற கட்டிடங்களில் அது இருந்தாக வேண்டும் என்று விதி, அதில் ஐரோப்பிய இரண்டு முள் பிளக்கும் நன்றாக உட்காரும். ஆகையால் புது அபார்ட்மெண்ட், புது ஹோட்டல் என்றால் இரண்டு முள் வயர் ஒன்று போதும். ஆனால் சாட்ஸ்வொர்த்திலோ ஓவர்போர்ட்டிலோ பழைய வீடு, பழைய கோயில் மண்டபம் என்று போனால் சுவரில் பெரிய ஓட்டை மட்டும்தான் இருக்கும், யாராவது ஒரு மல்டிபிளக்கைத் தேடிக்கொண்டு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

மொரீஷியசில் சதுர முள் வைத்த பிரிட்டிஷ் ஜி வகையும் உண்டு, பிரெஞ்சுத் தாக்கமோ என்னவோ உருண்டையான இரண்டு முள்ளும் உண்டு, அடுத்தடுத்த அறையில் வேறு வேறாக இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். துபாய் ஏர்போர்ட்டில் ஜி. சென்னையில் டி வகை, புது ஃபிளாட்டாக இருந்தால் சின்னதும் பெரியதும் நுழைகிற 6/16 ஆம்ப் கூட்டுச் சாக்கெட். இந்தக் கூட்டுச் சாக்கெட்டில் தென்னாப்பிரிக்கப் பெரிய பிளக் அப்படியே போய் உட்காரும், அடாப்டரே வேண்டாம். இது நிறையப் பேருக்குத் தெரியாது, டர்பனில் இருந்து ஊருக்குப் போகிறவர்கள் எல்லாம் ஒரு அடாப்டர் வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள்.

அந்த யூனிவர்சல் டப்பாவுக்கு வருவோம். அமெரிக்கா, ஐரோப்பா, பிரிட்டன், ஆஸ்திரேலியா என்று நான்கு வகை முள் நீட்டும், எம் வகை பெரும்பாலானவற்றில் கிடையாது, அவ்வளவு தடித்த முள்ளை அந்தச் சின்ன டப்பாவுக்குள் மடக்கி வைப்பது சிரமம். அதனால் அதன் மேல் இன்னொரு எம் அடாப்டர், அதற்கு மேல் கனமான சார்ஜர் என்று அடுக்க வேண்டும். அடுக்கியது சுவரில் இருந்து தொங்கும், தொங்கினால் தொடர்பு தளரும், தளர்ந்தால் உள்ளே பொறி பறக்கும், பிளாஸ்டிக் வாடை வரும். 'இத்தனை ஆம்ப் தாங்குமா' என்று நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். அது பிரச்சினையே இல்லை. 230 வாட் சார்ஜர் 230 வோல்ட்டில் இழுப்பது ஒரு ஆம்புக்குச் சற்று மேல்தான், 6 ஆம்ப் அடாப்டருக்கே அது ஒன்றுமில்லை. தளர்வான தொடர்புதான் ஆளைக் கொல்லும் சமாச்சாரம். இன்னொன்று, இவற்றில் பலவற்றில் எர்த் முள் வெறும் பிளாஸ்டிக், உள்ளே எதனோடும் சேர்ந்திருக்காது.

வோல்டேஜ் கன்வர்ட்டர் வேண்டும் என்று யாராவது விற்க வந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். தென்னாப்பிரிக்கா, மொரீஷியஸ், இந்தியா மூன்றிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். லேப்டாப் சார்ஜரின் முதுகில் 100 முதல் 240 வோல்ட் என்று அச்சடித்திருக்கும், உலகத்தில் எங்கே சொருகினாலும் அது ஓடும்.

சரி, சார்ஜர். நான் வாங்கியது காலியம் நைட்ரைடு வகை. பழைய சிலிக்கான் சார்ஜரைவிட இதன் டிரான்சிஸ்டர்கள் வேகமாக ஆன்-ஆஃப் ஆகும், அதனால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரைச் சின்னதாக்க முடிகிறது, எடை குறைவதன் ரகசியம் அதுதான். எடை செங்கலில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே, சட்டைப் பையில் போட முடியாது, பேண்ட் பையில் போடலாம். பிராண்ட் பெயர் கேட்பீர்கள். ஆங்கர், யூகிரீன் போன்ற பெரிய பெயர்களிடமும் 140 வாட் சார்ஜர் இருக்கிறது, ஆனால் என்னுடையது ஒரே பொருளை நாலு பெயர் ஒட்டி விற்கிற ரகம், 1,300 ரேண்ட் சொச்சம் ஆனது, ஆகையால் பெயரைப் பிடித்துத் தொங்குவதில் பிரயோஜனம் இல்லை. முதுகில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். 28 வோல்ட் 5 ஆம்ப் என்று ஒரு வரி இருக்க வேண்டும். டைப்-சி வழியாக மின்சாரம் கொடுப்பதற்கு 2021இல் வந்த யூஎஸ்பி பிடி 3.1 என்ற தரத்தின் வரி அது, அந்தத் தரம் 240 வாட் வரை போகும். அதற்கு முந்தைய தரத்தில் 20 வோல்ட் 5 ஆம்ப், அதாவது 100 வாட்தான் உச்சம். டப்பாவின் மேலே கொட்டை எழுத்தில் 140 என்று போட்டுவிட்டு, முதுகைத் திருப்பினால் ஒரு போர்ட்டுக்கு 100, இன்னொன்றுக்கு 40 என்று கூட்டிக் கணக்குக் காட்டுகிற சார்ஜர்களும் விற்பனையில் இருக்கின்றன. கடைத்தெருவில் எடைபோட்டு விற்கிறவனிடம் காட்டும் ஜாக்கிரதையை இங்கேயும் காட்டுங்கள்.

இரண்டு போர்ட்டில் இரண்டு சாதனம் மாட்டும்போது என்னுடையதும் கையை விரிக்கும். லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போது போனைச் சொருகினால் ஒரு நொடி மின்சாரம் நின்று, சார்ஜர் மறுபடி பேச்சுவார்த்தை நடத்தி, லேப்டாப்புக்கு 100 வாட்டுக்கும் கீழே ஒதுக்கும். திரை மங்கி மறுபடி பிரகாசமாகும். எக்ஸ்போர்ட் நடக்கும்போது இதைச் செய்தால் எரிச்சல்தான். போனுக்கு லேப்டாப்பில் இருந்தே சார்ஜ் போட்டுக்கொள்கிறேன்.

அடுத்து லேப்டாப். எந்த லேப்டாப்பும் 140 வாட்டை வாங்கிக்கொள்ளும் என்று நினைத்துவிட வேண்டாம். 16 இஞ்ச் மேக்புக் ப்ரோ 2021 மாடலில் இருந்து மேக்சேஃப் 3 கேபிள் வழியாக 140 வாட் ஏற்கும், அவர்களுக்கு எந்தக் கவலையும் இல்லை. டெல் எக்ஸ்பிஎஸ் 15 வகையறாவுக்கு வருகிற 130 வாட் டைப்-சி சார்ஜர் 20 வோல்ட் 6.5 ஆம்ப், பொதுத் தரத்துக்கு வெளியே டெல்லே வைத்துக்கொண்ட ஏற்பாடு அது, வேறு கம்பெனியின் 140 வாட் சார்ஜரை மாட்டினால் அந்த 130 கிடைக்காது, சார்ஜர் போதவில்லை என்று திரையில் ஒரு எச்சரிக்கை வந்து நிற்கும். கேமிங் லேப்டாப்பில் நிலைமை இன்னும் கலவை. இரண்டு டைப்-சி ஓட்டை இருந்தாலும் ஒன்றில் மட்டும் சார்ஜ் ஏறலாம், சிலவற்றில் 100 வாட்தான் உச்சம், சிலவற்றில் டைப்-சி வழியாகச் சார்ஜ் என்பதே கிடையாது. கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலின் விவரத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் காசை எடுங்கள். என்னுடையதில் பின்பக்க ஓட்டை 140 வரை ஏற்கும், இடதுபக்க ஓட்டைக்கு ஒன்றும் ஏறாது.

கேபிளில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சிப் இல்லாத சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்புக்கு மேல் விடாது, அதாவது 60 வாட். சிப் உள்ள பழைய 100 வாட் கேபிள் 20 வோல்ட்டோடு நின்றுவிடும், சார்ஜர் 140 ஆக இருந்தாலும் உங்களுக்கு 100தான். 240 வாட் என்று தலையிலேயே அச்சடித்த கேபிள் வேண்டும். தடிமனாக, முறுக்கிக்கொண்டு, மடிக்கச் சிரமமாக இருக்கும், பரவாயில்லை.

எப்படி ஓடுகிறது? மொரீஷியசில் காவடி எடுத்த அன்றைக்கு ராத்திரியே சின்ன வீடியோ ஒன்று வெட்டிக் கொடுக்க வேண்டும், அலகு குத்தி வரிசையாக வருவதை விடியற்காலையில் இருந்து எடுத்த 4கே காட்சிகள், டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் நிறத்திருத்தம் வேறு. டைம்லைனில் வெட்டி ஒட்டும் வேலைக்கு 140 வாட் தாராளம், பேட்டரி பக்கத்திலேயே ஏறிக்கொண்டும் இருக்கிறது. எக்ஸ்போர்ட் தட்டினால்தான் வித்தியாசம் தெரியும். டைப்-சி சார்ஜரில் என் லேப்டாப் 'பெர்ஃபார்மன்ஸ்' மோடை அனுமதிக்காது, கிராஃபிக்ஸ் கார்டைக் கொஞ்சம் அடக்கி வைக்கும், செங்கலில் 20 நிமிடத்தில் முடிகிற எக்ஸ்போர்ட் இதில் 25, 26 நிமிடம் ஆகிறது. பற்றாத மின்சாரத்துக்குப் பேட்டரியையும் தொட்டுக்கொள்ளும், முடியும்போது சில சதவீதம் இறங்கியிருக்கும், வேலை நின்றால் தானே ஏறிவிடும். எனக்கு இது போதும். அந்த ஐந்தாறு நிமிடத்தில் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். மணிக்கணக்காக 3டி ரெண்டர் போடுகிறவர்களுக்கும், ஹோட்டல் அறையில் உட்கார்ந்து கேம் ஆடியே தீருவேன் என்கிறவர்களுக்கும் இது சரிப்படாது, அவர்களுக்கு 200 வாட்டுக்கு மேல் உருண்டை முனை வைத்த காலியம் நைட்ரைடு சார்ஜர்கள் தனியாக வருகின்றன, எடை கூடுதல், ஆனாலும் செங்கலைவிடக் குறைவு. முனை உங்கள் லேப்டாப்புக்குப் பொருந்த வேண்டும், அதுதான் அதில் தொல்லை.

சூடு. எக்ஸ்போர்ட் நேரத்தில் கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. சின்ன உடம்பில் இவ்வளவு மின்சாரம் போனால் சுடத்தான் செய்யும், ஆனால் ஹோட்டலில் மெத்தை மேலும் போர்வைக்கு அடியிலும் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். தரையில், டைல்ஸ் மேல், காற்றுப் படுகிற மாதிரி வையுங்கள்.

இந்தச் சார்ஜரின் பெரிய குறை எர்த் இல்லாதது. பின்பக்கம் எட்டு வடிவ ஓட்டை, இரண்டு கம்பிதான், மூன்றாவது கிடையாது. லேப்டாப்பின் மூடி அலுமினியம். சார்ஜில் இருக்கும்போது மணிக்கட்டு பட்டால் குறுகுறு என்று ஒரு மெல்லிய உணர்வு, டர்பன் கடலோர ஈரக்காற்றில் செருப்பில்லாமல் சிமெண்ட் தரையில் நின்றால் நன்றாகவே தெரியும். சார்ஜருக்குள் இருக்கும் மின்தேக்கி வழியாகக் கசிகிற மிகச் சின்ன மின்சாரம்தான், ஆபத்தில்லை, ஆனால் பிடிக்காது. அதைவிட எனக்கு இடைஞ்சல் ஒலியில். கோயில் ஒலிபெருக்கியின் மிக்சரில் இருந்து நாதஸ்வரத்தை நேராக லேப்டாப்பில் பதிவு செய்தால் அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் ஓடுகிறது. பதிவு நேரத்தில் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் ஓட்டுகிறேன், இரைச்சல் போய்விடுகிறது. ஒலிவேலை அதிகம் இருப்பவர்கள் பின்பக்கம் மூன்று கம்பி ஓட்டை வைத்த மாடலாகப் பார்த்து வாங்குங்கள், கொஞ்சம் பெரிதாக இருக்கும், எர்த் கிடைக்கும்.

எட்டு வடிவ ஓட்டையால் ஒரு லாபமும் உண்டு. அந்த வயர் உலகம் முழுக்கக் கிடைக்கும், ரேடியோ, பிரிண்டர், பிளேஸ்டேஷன் என்று பலவற்றிலும் அதேதான். ஜி வகை வயர் வீட்டிலேயே ஒரு பழைய பிரிண்டரோடு கிடந்தது, பிளக்குக்குள் 3 ஆம்ப் ஃபியூஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன், மெலிசான வயருக்கு 13 ஆம்ப் ஃபியூஸ் போட்டால் வயர் எரிந்தாலும் ஃபியூஸ் போகாது. இரண்டு முள் வயர் சார்ஜரோடு வந்தது, டர்பனின் புதுச் சாக்கெட்டுக்கு அது. அதைச் சென்னையில் டி சாக்கெட்டிலும் சொருகலாம், சில இடத்தில் லூசாக ஆடும், ஆடினால் அங்கே வேண்டாம்.

பெரிய எம் பிளக் வைத்த எட்டு வடிவ வயர்தான் எனக்கு ரெடிமேடாகக் கையில் சிக்கவில்லை. கிரே ஸ்ட்ரீட் பக்கம், பெயரை மாற்றி எத்தனையோ வருஷம் ஆகியும் எல்லோரும் கிரே ஸ்ட்ரீட் என்றுதான் சொல்கிறார்கள், ஒரு எலெக்ட்ரிக்கல் கடை. கல்லாவில் வயதான அங்கிள். ஆன்லைனில் வாங்கிய இரட்டை அடாப்டரைக் காட்டி இது சரிவருமா என்று கேட்டேன். கையில் வாங்கி ஆட்டிப் பார்த்தார், உள்ளே ஏதோ கலகல என்றது. "தம்பி, இத வீட்ல மாட்டாத. வயர் கொண்டா, நான் பிளக் டாப் போட்டுத் தரேன்" என்றார். வயரின் முனையை வெட்டி, தரமுத்திரை போட்ட ஒரு எம் பிளக் டாப்பில் இரண்டு கம்பியையும் திருகி, வயரை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப்பையும் மறக்காமல் முடுக்கித் தந்தார். எர்த் முள்ளில் கம்பி ஒன்றும் இல்லை, இருந்தாலும் அந்த முள் வேண்டும், சாக்கெட்டின் மூடியை உள்ளே தள்ளித் திறப்பது அதுதான். பிளக் டாப்புக்கு மட்டும் காசு வாங்கினார், வேலைக்கு வாங்கவில்லை. இந்த மொத்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் இந்த வயர்தான், சுவரில் சொருகினால் அசையாது.

லோட்ஷெடிங், அதாவது தென்னாப்பிரிக்காவின் முறைவைத்த மின்வெட்டு பற்றி ஒரு வார்த்தை. 2023இல் ஆறாம் கட்டம் வரை போன காலத்தில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கி வைத்தோம், 2024 மார்ச்சுக்கு அப்புறம் பெருமளவு ஓய்ந்துவிட்டது, இன்வெர்ட்டர் மட்டும் மூலையில் இருக்கிறது. அந்தச் சின்ன இன்வெர்ட்டர்களில் 230 வாட் செங்கலோடு டிவியும் ஓடினால் பீப் பீப் என்று கத்தும், 140 வாட்டுக்கு வாயைத் திறப்பதில்லை. டைப்-சி போர்ட் உள்ள பவர் ஸ்டேஷன் என்கிற பெரிய பேட்டரிப் பெட்டி வைத்திருப்பவர்கள் சார்ஜரையே விட்டுவிட்டு அந்தக் கேபிளை நேராக அதில் மாட்டலாம், மாற்றி மாற்றி வீணாகும் மின்சாரம் மிச்சம். மின்சாரம் திரும்பி வரும் நொடியில் அடிக்கிற வேகத்துக்கு எந்தச் சார்ஜரும் பயப்படும், செங்கலோ ஒல்லியோ, மின்சாரம் போனதும் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

செங்கலை நான் தூக்கிப் போடவில்லை, அது டர்பன் வீட்டு மேஜைக்கு அடியில் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. பையில் போவது சார்ஜர், டைப்-சி கேபிள், அன்றைய ஊருக்கான வயர். வாங்குவதாக இருந்தால் டைப்-சி கேபிளை 2 மீட்டரில் வாங்குங்கள். ஹோட்டல் அறையில் மேஜைக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் எப்படியும் ஒரு கட்டில் இருக்கும்.